மாயாவும் மாயையும்: இலத்திரனியல் இசைத்தொகுப்பு ஒன்றைப் பற்றிய சில சிந்தனைகள்

தமிழ்ச் சங்க ஆண்டிதழ்களில் இடம்பெறும் இசைபற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் பண்ணாராய்ச்சியையோ கருநாடக இசையையோ நாட்டார் பாடலையோ பொருளாகக் கொள்வன. இம்மூன்றும் எமது மரபின் செல்வங்கள் என்பதில் ஐயமில்லை. எனினும், போரின் தொடக்ககாலத்தில் யாழ்ப்பாணத்துச் சிறுமியாக வாழ்ந்த ஒருவர் பின்னர் மேனாட்டு நகரங்களில் இருந்துகொண்டு மின்கருவிகளால் ஆக்கிய இசை, உலகின் பல பாகங்களிலும் கேட்கப்பட்டு வாதப் பிரதிவாதங்களுக்கு உள்ளாகியிருக்க, தமிழில் அதனை இசையாகவே கொண்டு ஆராயும் எழுத்து அருகியே காணப்படுகின்றது. அவரைப் போற்றுவோர் அரசியலின்பொருட்டே போற்றுகின்றனர். தூற்றுவோரும் அதன்பொருட்டே தூற்றுகின்றனர். பாடலைக் கேட்டோர் தொகை இவ்விரு சாராரிலும் சிறிதே என ஐயுற இடமுண்டு.

மாதங்கி அருள்பிரகாசம் 1975இல் இலண்டனிற் பிறந்தவர். குழந்தைப் பருவத்தை யாழ்ப்பாணத்திற் கழித்து, 1986 அளவில் அகதியாக மீண்டும் இலண்டன் சேர்ந்தவர். எம். ஐ. ஏ. என்னும் புனைபெயரில் அவர் வெளியிட்ட தொகுப்புகளுள் 2005ஆம் ஆண்டின் ‘அருளர்’ தந்தையின் இயக்கப் பெயரையும், 2007ஆம் ஆண்டின் ‘கலா’ தாயின் பெயரையும் தாங்கியவை. 2010 ஜூலையில் வெளிவந்த மூன்றாவது தொகுப்பாகிய ‘மாயா’ அவரையே குறிப்பது. அட்டையில் அப்பெயரின் எழுத்துகள் சாய்கோடுகளால் அமைக்கப்பட்டுள்ளன. தேடுபொறியில் தட்டச்சிட்டுத் தேடுவதற்கு எளிதில் அகப்படாத வடிவம் அது. அவருடைய முகமோ யூரியூப் காணொளிகளின் அடியில் ஓடும் பட்டைகளால் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கின்றது. பன்னிரண்டு பாடல்களைக் கொண்ட இத்தொகுப்பின் பொருள் இணையமும் கணினியும் கைத்தொலைபேசியும் மனிதரிடையே ஏற்படுத்திய உறவும், அவ்வுறவின் ஊடே நுழையும் கண்காணிப்புமாகும். இது தொழினுட்பத்தைப் பழிக்கும் ஆக்கமெனப் பலராலும் கொள்ளப்பட்டது. நாம் அவ்வாறு கருதவில்லை. பழிப்பை மட்டுமே தொழிலாகக் கொள்ளும் இடங்களில் இத்தொகுப்புத் தளர்கின்றது. வியப்பும் அச்சமும் ஒரே கம்பியில் ஓடுவதைக் காட்டும் இடங்களில் உயர்கின்றது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே கருப்பொருளை வெவ்வேறு கோணங்களினின்று நோக்கும் பாடல்களை ஒருங்கமைத்து ஓர் ஆக்கமாக வெளியிடுதல் மேனாட்டு இசையுலகில் 1960களின் பிற்பகுதியிற் செல்வாக்குப் பெற்ற முறையாகும். பத்துப் பாடல்களை ஒரு பொருளில் நிறுத்தும் பதிக மரபை அறிந்தார்க்கு இவ்வமைப்புப் புதுமையானதன்று. இலத்திரனியல் இசையில் இம்முறை எட்டிய சிகரங்களுள் ஒன்று, ஜேர்மனியின் டுஸல்டோர்ஃப் நகரத்துக் கிராஃப்ற்வேர்க் குழுவினர் 1975இல் வெளியிட்ட ‘ரேடியோ-அக்ரிவிற்றி’ என்னும் இசைத்தட்டு. தலைப்பே சிலேடை. வானொலியின் இயக்கம் என்பதும் கதிரியக்கம் என்பதும் ஒரே சொல்லில் அடங்கின. தட்டின் அட்டையில் இடம்பெற்றதோ நாசி ஆட்சிக்காலத்தில் மலிவு விலையில் வீடுதோறும் பரப்பப்பட்ட வானொலிப்பெட்டி. முன்னட்டையில் அதன் முகம், பின்னட்டையில் அதன் முதுகு. அலையின் அற்புதத்தைப் பாடுகையில், அவ்வலை எக்குரலைச் சுமந்து வந்தது என்பதையும் அப்படம் வாய்பேசாது நினைவூட்டிற்று.

எனினும் 1975இல் அக்குழுவினர் கதிரியக்கத்தைக் கண்டிக்கவில்லை. வியப்பையும் அச்சத்தையும் துலாக்கோலின் இரு தட்டிலும் வைத்துவிட்டு ஒதுங்கிநின்றனர். 1986இல் செர்னோபில் விபத்து நிகழ்ந்தது. 1991இல் அதே பாடலை மீளப் பதிவுசெய்தபோது செர்னோபில், ஹரிஸ்பேர்க், செலாஃபீல்ட், ஹிரோஷிமா என ஊர்ப்பெயர்களை அடுக்கி, நிறுத்துக என்னும் சொல்லையும் தலைப்பின் முன்னே சேர்த்தனர். 2012இல் ரோக்கியோவுக்கு அண்மையில் நிகழ்ந்த அணுமின் எதிர்ப்பு இசைவிழாவில் ஃபுக்குஷிமாவின் பெயரும் சேர்ந்தது. ஒரு பாடல் இவ்வாறு ஊர்ப்பெயர்களைச் சேகரித்துக்கொண்டே போகவேண்டி நேர்ந்தமை வருந்தத்தக்கதாயினும், கலைஞர் தம் ஆக்கத்தை உலக நிகழ்ச்சிகளால் திருத்த இடங்கொடுத்தமை பாராட்டத்தக்கது. ‘மாயா’வை அணுகுவதற்கு இதுவே தக்க வாயில். கிராஃப்ற்வேர்க் அஞ்சியது கண்ணுக்குத் தெரியாத கதிரை. முப்பத்தைந்து ஆண்டுகளின் பின் எம். ஐ. ஏ. அஞ்சியது கண்ணுக்குத் தெரியாத கண்ணை.

இவ்வகைப் பொருள் தமிழுக்கு அந்நியமானதென எண்ணுதல் வேண்டா. சீவகசிந்தாமணியின் மயிற்பொறி அரசியை அரண்மனையினின்று காத்துச் சுடுகாட்டிற் கொண்டுபோய் இறக்கியது. மணிமேகலையோ இன்னும் ஆழமாக இதனை நோக்குகின்றது. கடற்றெய்வம் மணிமேகலையை உறக்கத்தில் எடுத்துச் சென்று வைத்த மணிபல்லவம் எமது நயினாதீவே என்பர் அறிஞர் சிலர், மறுப்பாருமுளர். அத்தீவின் பீடிகை, காண்போர்க்கு அவர்தம் முற்பிறப்பைக் காட்டும் இயல்புடையது. அங்கே அவளுக்கு மூன்று மந்திரங்கள் கிடைக்கின்றன: விசும்பில் இயங்குதல், பசியைப் போக்குதல், வேற்றுருக் கொள்ளுதல். மூன்றாவது மந்திரமே நமது ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. உதயகுமரனிடமிருந்து தப்பும்பொருட்டு அவள் காயசண்டிகையின் உருவை மேற்கொள்கின்றாள். அவ்வுருவைத் தன் மனைவியென நம்பிய காஞ்சனன், அவளைத் தொடர்ந்துவந்த உதயகுமரனை வாளால் வீழ்த்துகின்றான். காப்பதற்கென வழங்கப்பட்ட வித்தை கொலைக்கு ஏதுவாயிற்று. சாத்தனார் மந்திரத்தைப் பழிக்கவுமில்லை, அதனைத் துறக்குமாறு அவளைப் பணிக்கவுமில்லை என்பது மனங்கொளத்தக்கது. வித்தையின் பயனும் கேடும் அதனைப் பார்ப்பவன் கண்ணிலும் கையிலும் தங்கியிருத்தலை மட்டும் அவர் காட்டிச் செல்கின்றார்.

இனித் தொகுப்பினுட் புகுவோம்.

முதற் பாடலாகிய ‘த மெஸேஜ்’ ஒரு நிமிடத்துக்கும் குறைவானது. விசைப்பலகையிற் விரல்கள் தட்டும் ஓசை கேட்கின்றது. பின்னர் ஓர் ஆண்குரல், உடலின் உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும் முறையை அடுக்கிச் சொல்லும் சிறுவர் பாடலின் மெட்டையொத்த நடையில், தலையிலிருந்து தொடங்கிக் கை, இணையம், கூகிள் என்று வந்து அரசாங்கத்தில் முடிக்கின்றது. இசையமைப்பு என்று சொல்லத்தக்கது இதில் மிகக் குறைவு. ஆயினும் தொகுப்பு முழுவதன் சாரமும் இவ்வடுக்கில் உண்டு. இச்சங்கிலியின் கண்ணிகளுள் இயந்திரம் எதுவும் இறுதிக் கண்ணியாக வைக்கப்படவில்லை என்பதை வாசகர் கவனித்தல் வேண்டும். கம்பி போய்முடியும் இடத்தில் இருப்பது மனிதர் நடத்தும் ஆட்சி. இந்நுட்பத்தைப் பின்னரும் எடுத்துக்கொள்வோம்.

இரண்டாவதாகிய ‘ஸ்ரெப்பின் அப்’ துளையிடு கருவியின் ஓசையால் நிறைந்தது. ‘கலா’ தொகுப்பில் சென்னையில் உறுமிமேளக் கலைஞரைக் கொண்டு பதிவுசெய்த ஒலிகள் இடம்பெற்றிருந்தமையை நினைவுகூர்ந்தால் இம்மாற்றத்தின் கடுமை புலப்படும். முன்னையது தோற்கருவியின் உலகம். அடிப்பவனின் கை அதிற் கேட்கும். இங்கோ இரும்பு இரும்பைத் துளைக்கின்றது. ஒலிப்பதிவாளர் பொதுவாகத் தவிர்க்கும் குறையொன்று இப்பாடலில் வேண்டுமென்றே கையாளப்படுகின்றது. ஒலியின் அலைமுகடு கருவி தாங்கும் எல்லையை மீறும்போது அதன் உச்சி வெட்டுண்டு கரகரப்பாகும். இக்கரகரப்பையே நிறமாகக் கொண்டு ஓவியம் தீட்டியதுபோல் தொகுப்பின் பெரும்பகுதி அமைந்துள்ளது.

‘எக்ஸ் எக்ஸ் எக்ஸ் ஓ’ என்னும் மூன்றாம் பாடல் இவற்றோடு முரண்படும் இனிமையுடையது. காதலன் கைத்தொலைபேசியில் விரும்பியனுப்பும் செய்திகளிலே தான் அல்லாத வேறொருத்தியை எதிர்பார்க்கின்றான் என்பதே அதன் பொருள். மெட்டோ எளிதில் நாவிற் படிவது. குரலோ கருவியால் மெருகிட்டு வழவழப்பாக்கப்பட்டது. பெண்ணொருத்தி தன்னை மாற்றிக்கொள்ளுமாறு கேட்கப்படுவதைப் பாடும் குரலே இயந்திரத்தால் மாற்றப்பட்டுக் கேட்கும் இவ்விடத்தில் உருவமும் உள்ளடக்கமும் வேறுபாடின்றிக் கலந்துள்ளன. வேற்றுருக் கொள்ளும் மந்திரத்தைப்பற்றி மேலே கூறியது இப்பாடலுக்கும் பொருந்தும். தொகுப்பின் மிகச் சிறந்த பாடல் இதுவெனக் கூறத் தயங்கமாட்டோம். அதன் இனிமை காரணமாகவே இதனை வணிகப் பாடலென ஒதுக்கிய விமர்சகர்களுக்கு இனிமையே இங்குப் பொருளாதல் தோன்றவில்லை.

‘லவலொற்’ கடினமான பாடல். 2010 மார்ச்சில் மொஸ்கோவின் சுரங்க ரயிற் குண்டுவெடிப்பில் தற்கொலைக் குண்டுதாரியான பதினேழு வயதுப் பெண்ணின் புகைப்படம் இணையத்திற் பரவியது. அவளது நிழல் இப்பாடலில் விழுந்துள்ளது. மிகுதியாக நேசிக்கின்றேன் என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரை, இறைவனின் அறபுப் பெயராகவும் செவியில் விழும்படி பாடுகின்றார். கேட்பவன் எதனைக் கேட்கின்றான் என்பதே சோதனை. காதலென்று கேட்பவனும் உளன்; ஆபத்தென்று கேட்டுக் குறிப்பேட்டைத் திறப்பவனும் உளன். சொல்லுக்கு இரு செவிகள் வாய்த்திருத்தலை அறியாத தமிழர் எமது தலைமுறையில் இலர். ஆனால் இப்பாடலின் நிலைப்பாடு தெளிவற்றது. கொலைசெய்தவளின் அகத்தை விளங்கிக்கொள்ள முயல்வதற்கும் அவளது தோற்றத்தை அணிந்து பார்ப்பதற்கும் இடையிலுள்ள எல்லையைப் பாடகர் காக்கத் தவறினார் என்றே தோன்றுகின்றது. கொல்லப்பட்ட பயணிகளுக்கு இப்பாடலில் இடமேயில்லை.

ஒன்பதாம் பாடலாகிய ‘போர்ன் ஃப்றீ’ தொகுப்பின் மிகப் பேசப்பட்ட பகுதி. ‘சுயிசைட்’ என்னும் அமெரிக்க இருவர் குழு 1977இல் வெளியிட்ட பாடலொன்றின் மீளமீள வரும் அடிநாதத்தை எடுத்தாண்டு, அதன்மேல் முழவோசையை மலைபோற் குவித்துள்ளார். சுதந்திரமாய்ப் பிறந்தேன் என்று கூவும் குரல் எதிரொலியில் அமிழ்ந்து, சொற்கள் பிரித்தறிய முடியாதனவாகின்றன. இப்பாடலுக்கு றொமெய்ன் கவ்றாஸ் இயக்கிய குறும்படத்தில், செந்நிற முடியுடைய இளைஞர்கள் ஆயுதப்படையினராற் சுற்றிவளைக்கப்பட்டு வாகனத்தில் ஏற்றப்பட்டு வெளியிடத்திற் கொல்லப்படுகின்றனர். சுற்றிவளைப்பு என்னும் சொல்லை அன்றாடச் சொல்லாக வழங்கிய எமக்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. 2010 ஏப்ரிலில் வெளிவந்த இப்படம் யூரியூப்பில் நீக்கப்பட்டும் வயதுக் கட்டுப்பாட்டுக்குட்பட்டும் வந்தது.

இதன் பகைப்புலத்தில் வேறொரு காட்சி உண்டு. 2009 ஆகஸ்ற் 25ஆந் திகதி பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி, கண்கள் கட்டப்பட்டு நிர்வாணமாக்கப்பட்ட மனிதர் சுட்டுக்கொல்லப்படும் காட்சியை ஒளிபரப்பியது. இலங்கைப் போரின் இறுதிக்கட்டத்திற் கைத்தொலைபேசியிற் பதிவானதாக அது கூறப்பட்டது. அரசாங்கம் அதனைப் போலியென மறுத்தது. 2010 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்ரன், நிபுணர் மூவரின் ஆய்வைக் கொண்டு, அது மெய்யானதாகவே தோன்றுகின்றதென அறிவித்தார். அப்பதிவின் தன்மையைச் சிந்தித்தல் வேண்டும். அத்தகைய காட்சியைப் படம்பிடிக்கும் இடத்தில் நிற்பவர் பெரும்பாலும் கொன்றவர் பக்கத்தினரே. வெற்றிச் சின்னமாக வைத்துக்கொள்வதற்கெனப் பிடிக்கப்பட்டது எல்லைகளைக் கடந்து சான்றாக மாறுகின்றது. ஒரே கருவி, ஒரே காட்சி; ஒருவனுக்குக் களியாட்டம், மற்றவனுக்குச் சாட்சியம். புலம்பெயர்ந்த தமிழர் அவ்வாண்டின் தொடக்க மாதங்களில் இரவுகளைத் திரைகளின் முன்னே கழித்தனர். தாய்நாட்டிற் பெற்றோரும் உடன்பிறந்தாரும் எங்கேயென்று அறிய அவர்களுக்கு அத்திரையன்றி வேறு கதியில்லை. அத்திரையிற் கண்டதை மாற்றவும் வழியில்லை. ‘மாயா’வின் பேரிரைச்சல் அவ்வறைகளிற் பிறந்தது. இணையத்தைப்பற்றிய பொதுவான கொள்கை விளக்கமாக இத்தொகுப்பைக் கேட்பவர்க்கு அது அளவுமீறிய கூச்சலாகவே படும்.

அவ்வாறே பட்டது. செல்வாக்குமிக்க அமெரிக்க இசைவிமர்சன ஏடாகிய ‘பிச்ஃபோர்க்’ பத்துக்கு 4.4 புள்ளி வழங்கியது. முன்னைய தொகுப்பை வானளாவப் புகழ்ந்த பலர் இதனைக் காரணமற்ற அச்சத்தின் வெளிப்பாடென்றனர். 2013 ஜூனில் எட்வேர்ட் ஸ்நோவ்டன் வெளியிட்ட ஆவணங்கள், பெரும் இணைய நிறுவனங்களிடமிருந்து ஐக்கிய அமெரிக்க அரசு தரவுகளைப் பெற்றுவந்தமையை வெளிப்படுத்தியதும், முதற் பாடல் தீர்க்கதரிசனமெனப் போற்றப்படலாயிற்று. எமக்கு இவ்விரு தீர்ப்புகளிலும் உடன்பாடில்லை. சோதிடம் பலித்தமையாற் கவிதை நல்லதாகிவிடாது. இசையை இசையாகவே எடைபோடல் வேண்டும்.

அவ்வாறு எடைபோடுகையில் முதலில் எழும் வினா இரைச்சல் பற்றியது. மேனாட்டு விமர்சகர் செவிக்கு இரைச்சல் ஓர் உத்தி. தீவகத்தார் செவிக்கு அது செய்தி. கடலிற் கேட்கும் இயந்திரவோசையைக்கொண்டு வருவது மீன்பிடிப் படகா, பயணிகள் படகா, கடற்படைக் கலமா என இனங்காணுதல் உயிர்காக்கும் அறிவாக இருந்த காலம் உண்டு. 1985 மே 15ஆந் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகில் ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றிப் பயணிகள் கொல்லப்பட்ட பின்னர், அக்கடலில் எவ்வியந்திரத்தின் ஒலியும் வெறும் ஒலியாகக் கேட்டிருக்கமாட்டாது. இத்தகைய செவியுடன் ‘ஸ்ரெப்பின் அப்’பையும் ‘போர்ன் ஃப்றீ’யையும் கேட்பவர்க்கு அவை யதார்த்த வகையைச் சார்ந்தனவாகவே தோன்றும்.

இவ்விடத்தில் மற்றொரு கலைஞரின் பெயர் நினைவுக்கு வருகின்றது. புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினத்தின் ‘காற்றுவெளிக் கிராமம்’ 1995இல் வெளிவந்தது. 1990, 1991ஆம் ஆண்டுகளிற் தீவக மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தபின், ஆளற்றுக் கிடந்த ஊரின் வெறுமையே அந்நூலின் உயிர். அதனுட் கேட்பது மௌனம். ‘மாயா’விற் கேட்பது காதடைக்கும் பேரொலி. ஒரே போரின் இரு பதிவுகள் இவை. ஊரைவிட்டு அகலாத நெஞ்சம் மௌனத்தைத் தேர்ந்ததும், ஆயிரக்கணக்கான மைல்களுக்கப்பால் திரைமுன் இருந்தவர் இரைச்சலைத் தேர்ந்ததும் தற்செயலானவையல்ல. வில்வரத்தினத்தின் மௌனத்திற்கு ஏற்ற இறக்கம் உண்டு. வரிகளுக்கிடையே காற்று மெலிந்தும் வலுத்தும் வீசும். எம். ஐ. ஏ.யின் இரைச்சலுக்கு அது போதவில்லை. தொடர்ந்து உச்சத்திலேயே நிற்கும் ஒலி சிறிது நேரத்திற் செவிக்குப் பழகி, அச்சுறுத்தும் ஆற்றலை இழந்துவிடுகின்றது. நான்காவதாகிய ‘ரெக்கீலா’ ஆறு நிமிடத்துக்கு மேல் நீண்டும் பொருளாலும் ஒலியாலும் எதையும் சேர்க்கவில்லை. எட்டாம் பாடல் நினைவில் நிற்பதேயில்லை. 1982ஆம் ஆண்டின் ஒல்லாந்துப் பாடலொன்றின் மறுபாடலாகிய ‘இற் ரேக்ஸ் எ மசில்’ கருப்பொருளுக்குப் புறத்தே நின்றாலும் மூச்சுவிட இடந்தருவதால் வரவேற்கத்தக்கது.

இனி, தலைப்பினை நோக்குவோம். மாயை எனின் பொய்த்தோற்றம் என்பதே மேனாட்டு விமர்சகர் அறிந்த பொருள். இணையம் ஒரு பொய்த்தோற்றம், ஆகவே ‘மாயா’ என அவர்கள் எளிதில் முடித்துவிட்டனர். இது மாயாவாத வேதாந்திகள் வழிவந்த பொருள். யாழ்ப்பாணத்துச் சைவசித்தாந்த மரபு இதனை ஏற்பதில்லை. சித்தாந்தத்தில் மாயை உள்பொருள், உலகுக்கு முதற்காரணம். உயிருக்கு உடலையும் கருவிகளையும் உலகையும் நுகர்ச்சியையும் தருவது அதுவே. மலம் மூன்றனுள் ஒன்றாக எண்ணப்படினும், உயிரை மறைக்கும் இருள் மாயையன்று; அவ்விருள் ஆணவம். ஆணவ இருளிற் கிடக்கும் உயிர்க்கு விடியும்வரை சிறிது வழிகாட்டும் விளக்காக மாயையைச் சித்தாந்த நூலோர் உவமிப்பர். சித்தாந்தத்தைப் போதித்த ஆறுமுக நாவலர் அச்சியந்திரத்தை இகழாது, அச்சகம் நிறுவி அதற்கு வித்தியாநுபாலன யந்திரசாலை எனப் பெயரிட்டமையும் இங்கு நினைக்கத்தக்கது.

பாடகர் இப்பாகுபாட்டை அறிந்து தலைப்பிட்டார் என நாம் வாதிடவில்லை. அவர் தம் பெயரையே இட்டார். எனினும் இப்பாகுபாடு தொகுப்பின் வெற்றி தோல்விகளை அளக்க மிகப் பொருத்தமான அளவுகோலாக அமைகின்றது. முதற் பாடல் கருவியையும் அதன் பின்னின்று ஆள்வோரையும் பிரித்துக் காட்டிற்று. ‘எக்ஸ் எக்ஸ் எக்ஸ் ஓ’ கருவியின் வழியே புகும் ஆணின் விருப்பத்தைக் காட்டிற்று. ‘போர்ன் ஃப்றீ’யின் படத்தில் துப்பாக்கியைவிட அதனை ஏந்தியவனின் முகமே நினைவில் நிற்கின்றது. இவை விளக்கையும் இருளையும் மயங்காத இடங்கள். ஏனைய பலவற்றில் கருவியே இருளாகிவிடுகின்றது. அப்போது அச்சத்துக்கு முகவரி இல்லாது போகின்றது.

இம்மயக்கம் பிற்காலத்தில் அவரிடம் வளர்ந்தமை வருத்தத்துடன் குறிப்பிடவேண்டியது. கொள்ளைநோய்க் காலத்தில் தடுப்பூசிகளைப்பற்றி அவர் பொதுவெளியில் ஐயம் எழுப்பினார்; 2024இல் மின்காந்த அலைகளைத் தடுப்பன எனக் கூறப்பட்ட ஆடை, தொப்பி முதலியவற்றை விற்பனைக்கு விட்டார். அலையை யார் அனுப்புகின்றார், யாருக்காக அனுப்புகின்றார் என்று 2010இற் கேட்டவர், அலையையே பகையாகக் கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டார். இதனைக்கொண்டு முன்னைய தொகுப்பைப் பழித்தல் நேர்மையாகாது. ஆயினும் அத்தொகுப்பின் தளர்ந்த பாடல்களில் இதன் விதை இருந்தது என்பதை மறைத்தலும் நேர்மையாகாது.

தொகுப்பில் நாம் காணாத ஒன்றும் உண்டு. தொழினுட்பத்தை மக்கள் தம் கைவசமாக்கிக்கொள்ளும் வியப்பு அதில் மிக அரிது. 1990 முதல் ஆண்டுக்கணக்காக யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. தீவகத்திலிருந்து இடம்பெயர்ந்தோரும் அங்கு வாழ்ந்தோரும் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பின்சில்லைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தால் வானொலிச் செய்தியும் ஒலிநாடாப் பாடலும் கேட்டனர். கை சோர்ந்தால் பாடலும் சோரும். சுழற்றுவோர் மாறினால் மீண்டும் நிமிரும். கேட்பவரின் உடலுழைப்பு இசையின் காலப்பிரமாணத்தில் நேரடியாகப் புலப்பட்ட இத்தகைய இலத்திரனியல் இசை, டுஸல்டோர்ஃபிலோ லொஸ் ஏஞ்சலிஸிலோ எவர் கற்பனையிலும் உதித்திராது. பெற்றோர் பெயரை முன்னைய தொகுப்புகளுக்குச் சூட்டியவர், தம் பெயர் சூட்டிய தொகுப்பில் அம்மக்களின் இக்கைவினைக்குச் செவிகொடுத்திருப்பின் அச்சத்தின் மறுதட்டுக் கனம் பெற்றிருக்கும்.

தீவகத்தில் இவ்வினா பழங்கதையாகவில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்றாலும் சூரியவொளியாலும் மின்னுற்பத்தி செய்யும் திட்டத்தை 2021 ஜனவரியில் இலங்கை அமைச்சரவை சீனக் கூட்டு நிறுவனமொன்றுக்கு வழங்கியது. தன் கரைக்கு அண்மையில் உள்ள தீவுகளென இந்தியா மறுப்புத் தெரிவித்தது. அவ்வேற்பாடு கைவிடப்பட்டு, 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கையும், 2024 மார்ச் 1ஆந் திகதி இந்திய அரசின் நன்கொடையுடன் பெங்களூர் நிறுவனமொன்றோடு ஒப்பந்தமும் கைச்சாத்தாயின. டீசல் இயந்திரத்தை நம்பியிருந்த தீவுக்குக் காற்றிலிருந்து ஒளி வருதல் வரவேற்கத்தக்கதே. ஆனால் ஒரு காற்றாடியின் கம்பி எத்தலைநகரிற் போய்முடியும் என்பதன்பொருட்டு இரு வல்லரசுகள் முரண்பட்டதை அறிந்தோர், ‘த மெஸேஜ்’ பாடலின் அடுக்கை வேறொரு செவியாற் கேட்பர்.

‘ரெல் மீ வை’ என்னும் பதினோராம் பாடலைப்பற்றிச் சில சொற்கள் எஞ்சியுள்ளன. ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதிக் கிராமத்தவர் பக்கவாத்தியமின்றிக் கூடிப் பாடும் பழைய சமயப் பாடலொன்றின் பதிவை எடுத்து, அதனைச் சுழலவிட்டு, அதன்மேல் இப்பாடல் எழுப்பப்பட்டுள்ளது. அப்பழைய பாடலின் பெயரில் வருபவரோ வானியலாளர் கொப்பேர்னிக்கஸ். வெற்றுத் தொண்டையிற் பிறந்த கூட்டுக்குரல் இயந்திரத்துட் புகுந்து, தேய்வுறாது, அதனை ஆள்கின்றது. அதற்கடுத்து வரும் ‘ஸ்பேஸ்’ மெல்லிய மிதப்பான பாடல். இரைச்சலெல்லாம் அடங்கியபின் செவியில் எஞ்சும் ரீங்காரம் போன்றது. இத்தொகுப்பை முதன்முறை கேட்க விரும்பும் மாணவர், கைத்தொலைபேசியின் சிறு ஒலிபெருக்கியை விடுத்து, அடிநாதத்தைத் தாங்கவல்ல கருவியொன்றில், இவ்விரு பாடல்களையும் முதலிற் கேட்பது நன்று. அதன்பின் ‘எக்ஸ் எக்ஸ் எக்ஸ் ஓ’வைக் கேட்கலாம். விசைப்பலகையின் தட்டொலியுடன் தொடங்கும் முதற் பாடலை இறுதிக்கு வைத்துக்கொள்ளலாம்.